மதுராந்தகம்: ஏரியும் ஆறும் ஊரும்

மதுராந்தகம் என்பது தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில், கிளியாற்றின் கரையில் அமைந்துள்ள ஒரு நகராட்சியும் வட்டத் தலைமையிடமும் ஆகும். சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 80 கி.மீ. தொலைவில் உள்ளது. 2019ஆம் ஆண்டு செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை இவ்வூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது.

சுற்றுலாக் குறிப்புகளில் இவ்வூர் பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காகவே இடம்பெறுகிறது. ஒன்று ஏரி காத்த ராமர் கோயில். மற்றொன்று வேடந்தாங்கலுக்குப் போகும் வழி. ஆனால் இங்கு முதலில் பார்க்க வேண்டிய பழைய கட்டுமானம் ஏரிக்கரைதான். கோபுரம் போல் நிமிர்ந்து நிற்காத மண் கரை என்பதால், நெடுஞ்சாலையில் பேருந்தில் போகிறவர்கள் தண்ணீரைப் பார்க்கிறார்கள், கரையைப் பார்ப்பதில்லை.

பெயர்

'மதுரைக்கு அந்தகன்', அதாவது மதுரையை அழித்தவன் என்ற பொருளில் அமைந்த சோழ அரசர் பட்டம் மதுராந்தகன். கண்டராதித்த சோழருக்கும் செம்பியன் மாதேவிக்கும் மகனாகிய உத்தம சோழர் இப்பட்டம் தாங்கியவர். இவர் 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்டார். இவர் பெயரால் அந்தணர்களுக்கு அளிக்கப்பட்ட மதுராந்தகச் சதுர்வேதிமங்கலம் என்ற ஊரே பின்னர் மதுராந்தகம் ஆயிற்று என்பர். மகிழ மரங்கள் நிறைந்த இடமாதலால் வகுளாரண்யம் என்ற பெயரும் தலபுராண வழக்கில் உண்டு. ஊரின் ஒரு பகுதியான கடப்பேரியில் பழமையான வெண்காட்டீசுவரர் கோயில் உள்ளது. கடப்பேரி என்ற பெயரிலும் ஏரி ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்கலாம்.

ஏரியும் கலங்கலும்

மதுராந்தகம் ஏரி பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்று. நீர்ப்பரப்பு சுமார் 2,400 ஏக்கர். முழு உயரம் 23.3 அடி. கொள்ளளவு 694 மில்லியன் கன அடி. வந்தவாசி, உத்திரமேரூர் பகுதிகளில் பெய்யும் மழைநீரும், அங்குள்ள ஏரிகள் நிரம்பி வழியும் உபரிநீரும் கிளியாறு வழியாகவும் ஓடைகள் வழியாகவும் இங்கு வந்து சேர்கின்றன. ஏரி நிரம்பியதும் கலங்கல் வழியாக வெளியேறும் நீர் மீண்டும் கிளியாறாக ஓடிப் பாலாற்றில் கலக்கிறது. ஆறு ஏரிக்குள் நுழைந்து, நின்று, பிறகு ஆறாகவே வெளியேறுகிறது என்று சொன்னால் படம் எளிதாக மனத்தில் பதியும்.

மேலே உள்ள எண்களை வைத்து மாணவர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2,400 ஏக்கர் என்பது ஏறத்தாழ 1,045 இலட்சம் சதுர அடி. 694 மில்லியன் கன அடியை அதனால் வகுத்தால் சராசரி ஆழம் ஆறரை அடிக்குச் சற்று அதிகமாக வருகிறது. அப்படியானால் 23.3 அடி என்பது கரையோரத்து ஆழமான பகுதிக்குத்தான் பொருந்தும். ஏரியின் பெரும்பகுதி ஆள் உயரத்துக்குச் சற்று மேலான தட்டையான பரப்பே. இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. ஏரி முழுவதும் ஓர் அடி உயரத்துக்கு வண்டல் படிந்தால், கொள்ளளவில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு போய்விடும். ஆழமான அணைக்கு ஓர் அடி வண்டல் பெரிய இழப்பன்று. தட்டையான ஏரிக்கு அது ஒரு போகச் சாகுபடியையே பாதிக்கக் கூடியது.

மண் கரைக்குப் பெரிய பகை, கரைக்கு மேலேறி வழியும் தண்ணீர். நீர் ஓர் இடத்தில் வழிந்தால் அங்கே மண் அரிக்கும். அரித்த இடத்தில் மேலும் நீர் பாயும். சில மணி நேரத்தில் உடைப்பு அகன்றுவிடும். அதனால்தான் கலங்கல் கரையைவிடத் தாழ்வாகக் கல்லாலோ கான்கிரீட்டாலோ கட்டப்படுகிறது. மிகுதி நீர் போக வேண்டிய வழியை முன்கூட்டியே தீர்மானித்து வைப்பதுதான் அதன் வேலை. தொண்டை நாட்டு ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்தவை என்பதால், மேலே உள்ள ஓர் ஏரி உடைந்தால் அதன் நீரெல்லாம் ஒரே நேரத்தில் அடுத்த ஏரிக்கு வந்துவிடும். கலங்கல் எவ்வளவு அகலமாக இருந்தாலும் அப்படிப்பட்ட இரவில் கரையைக் காவல் காக்க ஆள் வேண்டும்.

இந்தக் காவலும் பராமரிப்பும் இப்பகுதிக்குப் புதியவை அல்ல. மதுராந்தகத்திலிருந்து வடமேற்கே உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழர் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையில் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டதை விவரிக்கின்றன. பாடப்புத்தகங்களில் இது கிராம மக்களாட்சிக்குச் சான்றாகவே பேசப்படுகிறது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று என்பது அதே அளவு முக்கியமானது. ஓர் ஊர் ஆட்சியின் தலையாய வேலைகளில் ஒன்றாக ஏரி கருதப்பட்டது.

ஏரி காத்த ராமர் கோயில்

ஏரிக்கு அருகில் உள்ள இக்கோயிலின் மூலவர் கோதண்டராமர். கருவறையில் ராமர் சீதையின் கையைப் பற்றியபடி நிற்பது சிறப்பாகக் கூறப்படுகிறது. வைணவ மரபில் இத்தலத்துக்கு மற்றொரு பெருமையும் உண்டு. ராமானுசரை அழைத்துவரத் திருவரங்கத்திலிருந்து பெரிய நம்பி புறப்பட்டார். காஞ்சிபுரத்திலிருந்து ராமானுசர் தெற்கே புறப்பட்டார். இருவரும் வழியில் சந்தித்துக்கொண்ட இடம் மதுராந்தகம். இங்குள்ள மகிழ மரத்தடியில்தான் ராமானுசருக்குப் பஞ்ச சம்ஸ்காரம் செய்துவைக்கப்பட்டது என்று குருபரம்பரை வரலாறு கூறும். வடக்கும் தெற்கும் போகிறவர்கள் சந்திக்கும் வழித்தட ஊராக இது அப்போதே இருந்தது என்பதற்கும் இச்செய்தி குறிப்பாக அமைகிறது.

'ஏரி காத்த' என்ற அடைமொழிக்குக் காரணமான கதை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தது. மழைக்காலங்களில் ஏரி உடைந்து வயல்கள் பாழாகி வந்தன. கலெக்டர் லயனல் பிளேஸ் கரையைப் பழுதுபார்த்துவிட்டு ஊரில் முகாமிட்டிருந்தார். தாயார் சன்னதி கட்ட உதவுமாறு கோயிலார் கேட்டபோது, 'உங்கள் கடவுள் இந்த ஏரியைக் காப்பாற்றட்டும், கட்டித் தருகிறேன்' என்றாராம். அன்றிரவு பெருமழை. கரை உடைந்திருக்கும் என்று பார்க்கப் போனவர், வில்லேந்திய இளைஞர் இருவர் கரையில் காவல் நிற்பதைக் கண்டார். கரை உடையவில்லை. சொன்னபடி தாயார் சன்னதியைக் கட்டுவித்தார் என்பது கதை.

இக்கதையைப் பக்தியாகக் கொள்வோரும் உண்டு, கட்டுக்கதை என்று தள்ளுவோரும் உண்டு. இரு சாராருமே கவனிக்கத் தக்க செய்தி ஒன்று ஜனகவல்லித் தாயார் சன்னதியில் இருக்கிறது. அந்தத் திருப்பணி கும்பினி ஜாகீர் கலெக்டர் லயனல் பிளேஸ் துரையின் தர்மம் என்று அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு கூறுகிறது. 'கும்பினி' என்றால் கம்பெனி. ஆர்க்காட்டு நவாப் 1763இல் இப்பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1780இல் தொடங்கிய ஐதர் அலியின் படையெடுப்பில் இங்குள்ள ஊர்கள் பெரும் அழிவுக்குள்ளாயின. ஏரிகளும் பராமரிப்பின்றிக் கிடந்தன. பிளேஸ் 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்து, ஏரிகளைப் பழுதுபார்ப்பதில் முனைப்புக் காட்டினார். 1799இல் அவர் எழுதிய விரிவான அறிக்கை அக்கால நிலவரி வரலாற்றுக்கு முக்கியமான ஆவணம். ஏரி உடைந்தால் விளைச்சல் இல்லை. விளைச்சல் இல்லையேல் வரியும் இல்லை. அந்த இரவில் கரையைப் பார்க்கப் போன கலெக்டரின் கவலையில் கம்பெனியின் வருமானமும் இருந்தது என்று கொள்வதில் தவறில்லை. அதனால் அவர் செய்த பணி சிறிதாகிவிடாது.

இதே பிளேசின் பெயர் பக்கத்து ஊரான வேடந்தாங்கலிலும் வருகிறது. அங்குள்ள ஏரியில் தங்கும் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுவதைத் தடுக்க வேண்டி ஊர் மக்கள் முறையிட்டு, 1798இல் அவரிடமிருந்து கவுல் எனப்படும் உரிமைச் சீட்டு பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை உழவர்கள் அறிந்திருந்தனர். வேடந்தாங்கலும் அதன் அருகிலுள்ள கரிக்கிலியும் 2022இல் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன.

ஏரி முடிந்து ஆறு தொடங்குமிடத்தில்

ஏரியும் ஆறும் சந்திக்கும் இடத்தில் ஊர் அமைவது உலகின் பல பகுதிகளில் காணப்படுவது. சுவிட்சர்லாந்தில் ரைன் ஆறு கான்ஸ்டன்ஸ் ஏரியை விட்டு வெளியேறும் இடத்தில் ஸ்டைன் அம் ரைன் என்ற சிற்றூர் உள்ளது. வீட்டு முகப்புகளில் தீட்டப்பட்ட ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. மரபுச் சூழலைக் காக்கும் ஊர்களுக்கு அந்நாட்டில் வழங்கப்படும் வாக்கர் பரிசை 1972இல் முதன்முதலாகப் பெற்றதும் இவ்வூரே. அங்கே ஏரி இயற்கையானது, ஆண்டு முழுவதும் ஆறு ஓடுகிறது. காக்க வேண்டியவை வீடுகளும் தெருக்களும். மதுராந்தகத்தில் ஏரி மனிதர் கட்டியது, ஆறு மழையை நம்பியது. இங்கே மரபுச் சின்னம் என்பது பயன்பாட்டில் இருந்தால்தான் உயிரோடு இருக்கும். தூர் வாராத ஏரியை அருங்காட்சியகப் பொருளாக வைத்துப் பாதுகாக்க முடியாது.

அந்தத் தேவை பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு, 2020களின் தொடக்கத்தில் சுமார் 120 கோடி ரூபாய் மதிப்பில் ஏரியைத் தூர்வாரி ஆழப்படுத்தவும், கரையை வலுப்படுத்தவும், கலங்கலைப் புதிதாகக் கட்டவும் திட்டம் எடுக்கப்பட்டது. பணி நடந்த பருவங்களில் வழக்கம்போல் நீர் தேக்க முடியாததால், ஏரிப் பாசனத்தை நம்பிய ஆயக்கட்டு உழவர்கள் கிணற்று நீரை நாடவோ நிலத்தைத் தரிசாக விடவோ நேர்ந்தது. ஏரியைச் செப்பனிடும் காலத்தில் உழவருக்கு என்ன மாற்று என்பது எந்தத் தூர்வாரும் திட்டத்திலும் முதலிலேயே எழுப்பப்பட வேண்டிய கேள்வி.

பார்க்கச் செல்வோருக்கு

சென்னை எழும்பூர்–விழுப்புரம் இருப்புப் பாதையில் மதுராந்தகம் நிலையம் உள்ளது. செங்கல்பட்டிலிருந்து பேருந்துகளும் உண்டு. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய நவம்பர் முதல் பிப்ரவரி வரையான காலம் ஏற்றது. வேடந்தாங்கலில் பறவைகளையும் அப்போது காணலாம். காலையில் கோயிலைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் ஏரிக்கரைக்குச் செல்வது நல்லது. தாயார் சன்னதிக் கல்வெட்டை அவசரமின்றிப் படிக்க வேண்டும். பலரும் தரிசனம் முடித்து அதைக் கடந்துவிடுகிறார்கள்.

ஏரி நிரம்பி வழியும் ஆண்டுகளில் கிளியாற்றங்கரை ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடுக்கப்படும். அந்நாட்களில் கலங்கலில் இறங்கிக் குளிப்பதோ, நீரில் நின்று படம் எடுப்பதோ ஆபத்தானது. கோடையில் செல்வோருக்குத் தண்ணீர்க் காட்சி கிடைக்காது. ஆனால் கரையின் உட்சரிவும், மதகுகளின் அடிப்பகுதியும், நீர் வரும் கால்வாய்களும் அப்போதுதான் வெளியே தெரியும்.