சைக்கிளின் அமைப்பும் அன்றாட வாழ்வும்

புதியன புனையும் ஆற்றல் மனிதற்கு இயல்பாய் அமைந்ததொன்று. ஆயினும் புதியன யாவும் பயன்படுவன ஆகா. பயன்படுவன யாவும் பகட்டாய்த் தோன்றுவனவும் அல்ல. இவ்வுண்மைக்கு நாம் நாடோறும் கண்டும் காணாதது போற் செல்லும் சைக்கிளே தக்க சான்றாகும். அதன் உறுப்புக்கள் எவ்வெக் காரணம்பற்றி அமைந்தன என்பதையும், இனி எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையை நோக்கிச் செல்வார்க்கு, அம்மலையின் அடிவாரத்தில் கச்சிராயபாளையம் என்னும் ஊர் எதிர்ப்படும். கோமுகி அணையும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் அதனைச் சார்ந்துள்ளன. விடியற்காலையில் இத்தகைய ஊரின் சாலையோரத்தே சிறிது நேரம் நின்று நோக்கினால், சைக்கிள் என்பது யாதென்பது நன்கு விளங்கும். பால் கேன்களை இருபுறமும் தொங்கவிட்டு ஒருவர் வருவார். புல்லுக்கட்டைக் கேரியரில் கட்டி மற்றொருவர் மிதிப்பார். புத்தகப் பையுடன் மாணாக்கர் செல்வர். இவர்கட்கிடையே, இருக்கைக்கு எட்டாத உயரமுடைய சிறுவனொருவன், குறுக்குக் குழாயின் கீழே காலை நுழைத்து, உடலை ஒருபுறம் சாய்த்து, ‘குரங்குப் பெடல்’ போட்டு வருவான். அவனைக் கண்டு நாம் நகைக்கிறோம். ஆனால் அவன் கோணிச் செல்வது அவன் குற்றமன்று. பெரியோர்க்கென அமைந்த வண்டிக்கு அவன் தன் உடலை வளைத்துக் கொடுக்கிறான். வண்டிக்கு மனிதன் வளைவதா, மனிதனுக்கேற்ப வண்டி அமைவதா என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருளின் உயிர்நிலையாகும்.

சைக்கிளின் வரலாறே இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறுதான். 1817இல் ஜெர்மானியரான டிரைஸ் என்பார் இரு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாய் நிறுத்தி, நிலத்தைக் காலால் உந்திச் செல்லும் வண்டியொன்றை இயற்றினார். பின்னர் முன்சக்கரத்தின் அச்சிலேயே பெடல் பூட்டப்பட்டது. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றே சுற்றுமாதலின், விரைவை விரும்பியோர் முன்சக்கரத்தை மேன்மேலும் பெரிதாக்கினர். முடிவில் அது மார்பளவு உயர்ந்தது. அதன்மேல் ஏறுதல் அரிது, விழுதலோ எளிது. துணிவுடைய இளைஞர்க்கு விளையாட்டாயிருந்த அவ்வண்டி, முதியோர்க்கும் பெண்டிர்க்கும் சுமை கொண்டு செல்வார்க்கும் சிறிதும் உதவவில்லை.

1885இல் இங்கிலாந்திலுள்ள காவெண்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார் ‘ரோவர்’ என்னும் சைக்கிளை வெளியிட்டார். அதில் இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒத்த அளவின. பெடலின் விசை செயின் வழியாகப் பின்சக்கரத்தைச் சென்று சேரும். பெரிய பற்சக்கரத்தைப் பெடலிலும் சிறியதைப் பின்சக்கரத்திலும் பூட்டியமையால், சக்கரம் சிறிதாயினும் விரைவு குறையவில்லை. 1888இல் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டியின் அதிர்ச்சியைக் குறைக்கக் கருதிக் காற்றடைத்த ரப்பர் டயரை இயற்றினார். வீரர்க்குரியதாயிருந்த வண்டி எல்லார்க்கும் உரியதாயது இவ்விரண்டினாலேயாம். அன்று முதல் இன்று வரை சைக்கிளின் அடிப்படை உருவம் பெரிதும் மாறவில்லை.

நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய கறுப்புச் சைக்கிளையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் 1949இல் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் முதலிய வண்டிகளை நம் முன்னோர் நன்கறிவர். அதன் ஒவ்வோர் உறுப்பும் ஒரு தேவைக்கு விடையாகும். நீண்ட உடலும் பின்னோக்கிச் சரிந்த குழாய்களும் மேடுபள்ளத்தின் அதிர்ச்சியைத் தணிக்கும். செயினை மூடிய தகடு வேட்டியையும் சேலையையும் காக்கும். பிரேக்கின் இரும்புக் கம்பிகள் வளைந்தால் சிற்றூர்ப் பட்டறையிலும் நிமிர்த்திவிடலாம். பின்சக்கரத்தை நிலத்தினின்று தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டு, மூட்டையேற்றும்போது வண்டி சாயாது தாங்கும். நடப்பவன் ஒரு தொலைவைக் கடக்கச் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கே அத்தொலைவைச் சமநிலத்தில் சைக்கிளில் கடக்கப் போதுமென்பர். எண்ணெயும் நெருப்பும் வேண்டாது இத்துணை ஊதியந்தரும் யந்திரம் பிறிதொன்று அரிதே.

ஆயினும் இவ்வண்டியிலும் குறைகள் உள. அவற்றுள் ஒன்று மேற்கூறிய குறுக்குக் குழாய். முக்கோணத்தின் பக்கங்கள் மாறாதவரை அதன் உருவம் மாறாது. நாற்கோணமோ மூலைகளில் நெகிழ்ந்து சாயும். ஆதலின் குழாய்களை முக்கோணமாய்ப் பிணைத்தால் குறைந்த இரும்பில் மிகுந்த வலிமை கிடைக்கும். அதன்பொருட்டே குறுக்குக் குழாய் அமைந்தது. சேலையுடுத்த மகளிர்க்கும் சிறுவர்க்கும் அஃது இடையூறாயிற்று. குழாயைத் தாழ்த்தி அமைத்த மகளிர் சைக்கிள் அவ்விடையூற்றை நீக்கியது. குறைந்த வலிமையை ஈடுசெய்யப் பிற குழாய்களை உறுதியாக்க நேர்ந்தது.

இக்குழாயைப் பற்றிப் புதுக்கோட்டை மாவட்டம் நமக்கு வியத்தகு பாடமொன்றைக் கற்பித்தது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் அவர்கள் ஆட்சியராயிருந்த காலத்தில், அறிவொளி இயக்கத்தோடு அங்குச் சைக்கிள் பயிற்சியும் மகளிரிடையே பரவியது. ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட பெண்கள், பெரும்பாலும் சிற்றூர்களில் உழைப்போர், சைக்கிள் விடக் கற்றனர். மகளிர் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு நேரவே, பலர் ஆடவர் சைக்கிளையே வாங்கினர். அவருட் சிலர், ‘குழந்தையை முன்னே உட்காரவைக்கலாம்’ என்று அக்குறுக்குக் குழாயையே விரும்பினர்! இடையூறென அமைப்போர் கருதியதை வண்டி விடுவோர் வசதியாகக் கண்டனர். வண்டியை அமைப்பவன் அதனை விடுபவரிடம் கேட்டறிதல் எத்துணை இன்றியமையாதது என்பது இதனால் புலனாகும்.

அடுத்த குறை மேட்டில் ஏறும்போது தோன்றுவது. கச்சிராயபாளையத்திற்கு அப்பால் வெள்ளிமலைச் சாலை கல்வராயன் மலைமேல் ஏறுகிறது. அங்கே நம் கறுப்புச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே செல்ல வேண்டும். காரணம் கணக்கில் உள்ளது. முன் பற்சக்கரத்தில் 44 பற்களும் பின்னதில் 18 பற்களும் உளவெனக் கொள்வோம். பெடல் ஒரு சுற்றுச் சுற்ற, 28 அங்குலச் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுழன்று 18 அடி முன்செல்லும். சமநிலத்தில் இது நன்று. மேட்டிலோ கால் தாங்காது. ஒரு சுற்றில் செல்லும் தொலைவைக் குறைத்தால் கால்மேற் படும் பளுவும் குறையும். இதற்கென 1902ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் தோன்றிய ஸ்டர்மி ஆர்ச்சர் மூவேகக் குடம், பின்சக்கரத்தின் நடுவே சிறு பற்சக்கரங்களை மறைத்து வைத்தது. அதன் பிற்காலத்துப் புகழ்பெற்ற வகையொன்றில் தாழ்ந்த வேகத்தைப் பூட்டினால் 18 அடி ஏறக்குறைய 13½ அடியாகும். பற்சக்கரங்கள் உள்ளே அடங்கியிருத்தலின் புழுதியும் மழையும் எளிதில் அணுகா. நாடோறும் உழைக்கும் வண்டிக்கு இத்தகைய அமைப்பே மிகப் பொருந்துவது.

மின்கலத்தின் துணைகொண்டு இயங்கும் சைக்கிள்களும் இக்காலத்து வந்துள்ளன. 250 வாட்டிற்குக் குறைந்த ஆற்றலும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகமும் உடையவற்றை, உரிய விதிகட்கு உட்பட்டு, இந்தியச் சட்டம் மோட்டார் வாகனமாகக் கொள்வதில்லை. மேட்டு நிலத்தார்க்கும் முதியோர்க்கும் இவை பெருந்துணையாம்.

நகர வாழ்விற்கோ வேறு இடர்கள் உள. புகைவண்டி நிலையத்திற்கும் வீட்டிற்கும் இடைப்பட்ட தொலைவு ஒன்று. வண்டியை நிறுத்த இடமின்மை மற்றொன்று. இலண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி என்பார் 1975இல் வகுக்கத் தொடங்கிய ‘பிராம்ப்டன்’ சைக்கிள், 16 அங்குலச் சக்கரங்களோடு மடங்கிக் கைப்பெட்டி போற் சுருங்கும். புகைவண்டியில் உடன்கொண்டு சென்று, அலுவலகத்தில் மேசையடியில் வைத்துவிடலாம். இதுவும் ஓரிடத்தின் தேவையை உற்று நோக்கிப் பிறந்த அமைப்பேயன்றிப் பிறிதில்லை.

இதனைக் கல்வியோடு பொருத்தி எண்ணுதல் மாணாக்கராகிய நம் கடன். தமிழ்நாட்டில் மேனிலை வகுப்பு மாணவர்க்கு அரசு விலையில்லாச் சைக்கிள் வழங்கியமை யாவரும் அறிந்ததே. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்குச் சைக்கிள் வாங்கப் பொருள் அளிக்கும் திட்டம் தொடங்கியது. அதனைக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளியலார் இருவர் ஆராய்ந்தனர். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்த பெண்களின் அளவு 32 விழுக்காடு உயர்ந்ததென்றும், பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட தொலைவிலுள்ள ஊர்களிலேயே இப்பயன் மிக்கதென்றும் அவர்கள் கண்டனர். சைக்கிளின் அமைப்பைப் பற்றிய ஆராய்ச்சி வெறும் யந்திர ஆராய்ச்சியன்று என்பது இதனால் வெளிப்படும். வண்டி உடலுக்குப் பொருந்தாது மூலையிற் கிடப்பின், அதனோடு ஒரு பெண்ணின் படிப்பும் மூலையிற் கிடத்தல் கூடும்.

இந்நாளில் கடைகளிற் பளபளக்கும் சைக்கிள்கள் பலவற்றுள் கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, விளக்கும் இல்லை. பருத்த டயரும் வில்லமைந்த முன்தண்டும் மாத்திரம் உள. மழைநாளில் சேறு முதுகில் தெறிக்க, புத்தகப் பை ஹேண்டில்பாரில் ஊசலாட, அவற்றை விட்டுச் செல்லும் மாணாக்கரைப் பார்க்கையில், மார்பளவு சக்கரத்தின் காலம் வேறு வடிவில் மீண்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

ஆதலின், புதிய சைக்கிளொன்றைக் காணுங்கால் நாம் மூன்று கேள்விகளைக் கேட்டல் நலம். இஃது ஏறுபவர் உடலுக்குப் பொருந்துமா? அவர் கொண்டுசெல்லும் சுமையைத் தாங்குமா? பழுதுற்றால் ஊர்க் கடையிலே செப்பனிட இயலுமா? இம்மூன்றிற்கும் இசைவான விடை தருவதே உண்மையான புதுமை. பௌதிகம் பயிலும் நம் நண்பர்கள் முக்கோணத்தையும் நெம்புகோலையும் ஏட்டளவில் விட்டுவிடாது, விடுமுறையில் தத்தம் ஊர்ச் சாலையில் ஒருமுறை நின்று நோக்குவாராக. குரங்குப் பெடல் போட்டு வரும் அச்சிறுவன் நிமிர்ந்து அமர்ந்து செல்லுதற்குரிய வண்டியை அவருள் ஒருவர் அமைப்பாராயின், அவர் கற்ற கல்வி பயன்பெற்றதாகும்.