புகையானைப் பெருக்கிய மருந்து

நெல்வயலில் புகையான் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க, பயிரை விலக்கித் தூரைப் பார்க்க வேண்டும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பழுப்பு நிறப் பூச்சிகள் அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும். கவனிக்காமல் விட்டால் வயல் வட்ட வட்டமாகத் தீய்ந்துபோகும். அதனால் பார்த்ததுமே மருந்து அடித்துவிடுவார்கள். ஆனால் சில மருந்துகளை அடித்த வயல்களில் புகையான் குறையவில்லை. அடிக்காத வயலைவிட அதிகமாகப் பெருகியது.

புகையானைத் தின்னும் சிலந்திகளும் மருந்தில் செத்துப்போவது ஒரு காரணம். அது மட்டுமே காரணமில்லை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வு செய்த எஸ். செல்லையாவும் ஹைன்ரிக்ஸும் 1980-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டெல்டாமெத்ரின், மெத்தில் பாரத்தியான் போன்ற மருந்துகள் தெளித்த பயிரில் பிழைத்த புகையானின் இனப்பெருக்கமே கூடியிருந்தது. கொல்லாத அளவில் சேர்ந்த நஞ்சு பூச்சிக்கு ஊக்கமாகிவிட்டது.

இப்படி ஒரு பொருள் பெரிய அளவில் கெடுதலும் சிறிய அளவில் தூண்டுதலும் தருவதை 'ஹார்மீசிஸ்' என்கிறார்கள். கிரேக்க மொழியில் 'தூண்டு' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். 1943-இல் அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகத்தில் செஸ்டர் சவுத்தமும் ஜான் எர்லிக்கும் இதைச் சூட்டினார்கள். சிவப்பு சிடார் மரத்தின் வைரக்கட்டை எளிதில் உளுத்துப்போகாது. பூஞ்சையைத் தடுக்கும் சாறு அதில் இருக்கிறது. அந்தச் சாற்றை நன்றாக நீர்க்கச் செய்து பூஞ்சைக்குக் கொடுத்தபோது, பூஞ்சை முன்னைவிடச் செழித்தது.

அவர்களுக்கு அரை நூற்றாண்டு முன்பே ஜெர்மானிய மருந்தியலாளர் ஹூகோ ஷுல்ட்ஸ், கிருமிநாசினிகளைத் துளியளவில் கலந்தால் ஈஸ்ட்டின் நொதித்தல் வேகமாவதைக் கண்டிருந்தார். அதை ஹோமியோபதிக்கான சான்றாக அவர் முன்வைத்ததால் மருத்துவ உலகம் சந்தேகப்பட்டு ஒதுக்கியது. நல்ல கண்டுபிடிப்பு ஒன்று பல பத்தாண்டுகள் முடங்கிக் கிடந்தது வருத்தம்தான்.

தூண்டுதல் எங்கிருந்து வருகிறது? நஞ்சிலிருந்து இல்லை, அதை எதிர்கொள்ளும் உயிரிலிருந்து. ஓடு ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிட்டால், வந்தவர் உடைந்த ஓட்டோடு பக்கத்தில் நைந்துபோன நாலு ஓடுகளையும் மாற்றிவிட்டுப் போவாரே, செல்லும் அதைத்தான் செய்கிறது. சேதத்தைச் சரிசெய்யும்போது தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சரிசெய்கிறது. அந்தக் கூடுதலுக்கும் எல்லை உண்டு. வளர்ச்சியோ தாங்கும் திறனோ அதிகபட்சம் கூடுவது பெரும்பாலும் 30 முதல் 60 சதவீதம்தான்.

இதைச் சமையலறையிலேயே பார்க்கலாம். பச்சைக் கடுகு நாலைந்தை வாயில் போட்டு மெல்லுங்கள். முதலில் லேசான கசப்பு. சில நொடிகள் கழித்துத்தான் காரம் மூக்கில் ஏறும். காரத்தின் மூலப்பொருள் கடுகுக்குள் ஒரு பக்கமும், அதைக் காரமாக மாற்றும் என்சைம் வேறொரு பக்கமும் பிரிந்து கிடக்கின்றன. பூச்சி கடித்தால்தான் இரண்டும் கலக்கும். அது செடியின் தற்காப்பு. தாளித்த கடுகில் இந்தக் காரம் இல்லாததற்குக் காரணம், சூட்டில் அந்த என்சைம் செயலிழந்துவிடுவதுதான். மாவடுவுக்குப் பச்சையாக அரைத்துப் போடும் கடுகில் அது முழுசாக இருக்கும். கடுகின் சொந்தமான பிராக்கோலியில் இதே வகைப் பொருளான சல்ஃபோராஃபேன் இருப்பதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பால் தலாலே குழு 1992-இல் கண்டறிந்தது. நம் செல்கள் அதைச் சிறு தாக்குதலாக எடுத்துக்கொண்டு, நச்சு நீக்கும் என்சைம்களை அதிகமாகத் தயாரிக்கின்றன.

எல்லா நஞ்சுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே தெரியவரவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுவரில் உரிந்த பழைய பெயின்ட் துணுக்கு ஒரு குழந்தையின் வாய்க்குப் போனால் அதில் நன்மை தேட இடமே இல்லை. கதிர்வீச்சில் இன்னும் சண்டை ஓயவில்லை: மிகக் குறைந்த அளவும் ஆபத்தே என்ற கணக்கைப் பிரெஞ்சு அறிவியல் கழகமும் மருத்துவக் கழகமும் 2005-இல் கேள்விக்கு உட்படுத்தின, அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கையோ அந்தக் கணக்கை ஆதரித்தது.

சந்தேகம் குறைவான இடம் உடற்பயிற்சி. ஓடும்போது தசையில் செல்லைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. அவற்றை அடக்கினால் நல்லதுதானே என்று தோன்றும். ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோவ் குழு இளைஞர்களுக்கு 4 வாரம் பயிற்சி கொடுத்து, பாதிப் பேருக்குத் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் அதோடு வைட்டமின் ஈ-யும் தந்தது. 2009-இல் முடிவு வெளிவந்தது. மாத்திரை சாப்பிடாதவர்களின் உடலில் இன்சுலின் முன்னைவிட நன்றாக வேலை செய்தது. அதே பயிற்சியைச் செய்து மாத்திரையும் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.