வைரசுக்களும் நம் பரம்பரையலகுகளும்

உலக மக்களின் பரம்பரையலகுகளை ஒப்புநோக்கி அட்டவணைப்படுத்தும் பொருட்டு, 2008ஆம் ஆண்டில் ‘ஆயிரம் ஜீனோம் திட்டம்’ என்னும் பெருமுயற்சி தொடங்கப்பட்டது. 2015இல் அது நிறைவெய்தியபோது, 26 மக்கட் கூட்டங்களைச் சேர்ந்த 2504 பேர் அவ்வேட்டில் இடம்பெற்றிருந்தனர். அவ்விருபத்தாறனுள் ஒன்று ‘ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர்’ என்பதாகும். நூற்றிரண்டு பேர் தம் இரத்தத்திற் சிறிது ஈந்தனர். அவர்தம் பெயரோ கண்ட நோய்களோ ஏட்டில் ஏறவில்லை. ஆயினும், நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இலண்டனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறி வாழ்வதை எண்ணும்போது, அந்த நூற்றிருவரை அயலாராகக் கொள்ள நமக்கு மனம் வருவதில்லை.

2020இல் கொரோனாக் கொள்ளைநோய் பரவியதும், ஆய்வாளர் பலர் அவ்வேட்டைப் புரட்டினர். வைரசை எதிர்க்கும் பரம்பரையலகுகள் எம்மக்களிடம் எவ்வடிவில் உள்ளன என்பதே அவர்கள் வினா. விடை தேடிச் சென்றவர்கள் முலையூட்டிகளின் நெடிய கூர்ப்பு வரலாற்றினுட் புகவேண்டியதாயிற்று. அவ்வரலாற்றில் ஒரு பரம்பரையலகைத் தலைமையாகக் கொண்டு இங்கே சிறிது விளக்க முற்படுகின்றோம்.

நிர்ப்பீடனம் என்றவுடன் பிறபொருளெதிரிகளே மாணவர் நினைவுக்கு வரும். அவை போதியளவு உருவாகப் பல நாட்கள் செல்லும். அதுவரையில் ஒவ்வொரு கலமும் தன்னைத் தானே காத்தல் வேண்டும். 1957இல் இலண்டன் மில் ஹில் ஆய்வுநிலையத்தில் அலிக் ஐசக்சு, சீன் லின்டன்மன் என்னும் இருவர், வைரசை எதிர்ப்பட்ட கலங்கள் அயற்கலங்களை எச்சரிக்க வெளிவிடும் பொருளொன்றைக் கண்டு, அதற்கு ‘இன்ரபெரோன்’ எனப் பெயரிட்டனர். இவ்வெச்சரிக்கை கிட்டியதும் அயற்கலங்களில் நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகள் விழித்தெழும். அவற்றுள் ஒன்றே ‘ஓ.ஏ.எஸ்.1’ எனப்படுவது.

அது ஆக்கும் நொதியம் ஒரு காவற்காரன் எனலாம். பல வைரசுக்கள் கலத்தினுட் பெருகும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ. தோன்றும். அதனைத் தொட்டுணர்ந்ததும் இந்நொதியம் ஏ.ரி.பி. மூலக்கூறுகளைக் கோத்துச் சிறு சங்கிலியொன்றைச் செய்யும், அச்சங்கிலி வேறொரு நொதியத்தை ஏவும், ஏவப்பட்டதோ ஆர்.என்.ஏ. இழைகளை வெட்டித் தள்ளும். வைரசினது, கலத்தினது என்னும் பேதம் அதற்குப் பெரிதில்லை. தோட்டத்துள் மாடு புகுந்ததென்று பயிரையுஞ் சேர்த்துச் சிதைக்கும் காவல் இது. இத்தகைய காவலை வைத்திருப்பதிலும் இழப்பு உண்டு என்பதை வாசகர் மனத்திற் கொள்வாராக.

வைரசுக்கள் விரைந்து மாறுவன. காவலும் ஒரேபடியாய் இருத்தல் இயலாது. ஓ.ஏ.எஸ்.1 மனிதனுக்கு ஒன்று, பசுவுக்கு மூன்று, வீட்டெலிக்கு எட்டு. எலியின் எட்டனுள் ஒன்று, டெங்கு வைரசின் இனத்தைச் சேர்ந்த மேற்கு நைல் வைரசை எதிர்க்க வல்லது. ஆயின், ஆய்வுகூடங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட எலிகளுட் பெரும்பாலானவற்றில் அது விகாரமுற்றுக் குறையாய் நிற்கிறது. அவை அந்நோய்க்கு எளிதில் இரையாகின்றன. மாரிக்குப் பின் டெங்குக் காய்ச்சலுக்கு அஞ்சும் யாழ்ப்பாணத்தவர்க்கு இச்செய்தி சுவைக்கும் என்று நம்புகின்றோம். நம் கடலில் துள்ளும் ஓங்கில் மற்றுமோர் உதாரணம். முலையூட்டிகள் பலவற்றில் வைரசை எதிர்க்கும் ‘எம்.எக்ஸ்.’ என்னும் இரு பரம்பரையலகுகளும் ஓங்கில் உள்ளிட்ட பற்றிமிங்கில வகை முழுவதிலும் செயலிழந்து கிடக்கின்றன. இது 2015இல் வெளியாயிற்று. பழங்காலத்தில் யாதோ ஒரு வைரசு அக்காவலையே தன் வாயிலாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்பது ஓர் ஊகம்.

இனி வௌவாலுக்கு வருவோம். கொரோனா வைரசு தன் ஆர்.என்.ஏ.யை இரட்டை மென்சவ்வுப் பைகளுள் ஒளித்தே பெருகும். கலத்துள் வெறுமனே மிதக்கும் ஓ.ஏ.எஸ்.1 அதனைக் காண மாட்டாது. ஆனால் இந்நொதியத்தின் ஒரு வடிவத்துக்குக் கொழுப்பாலான வாலொன்று உண்டு. அவ்வாலால் மென்சவ்வைப் பற்றிக்கொண்டு அது வைரசின் ஒளிவிடத்தை அண்மிவிடுகிறது. கிளாஸ்கோ நகர ஆய்வாளர் 2021இல் இதனை வெளிப்படுத்தினர். அவர்கள் குதிரைலாட வௌவால்களையும் ஆராய்ந்தனர். சார்ஸ் வகைக் கொரோனா வைரசுக்களுக்கு உறைவிடமாயுள்ள இவ்வௌவால்கள் நம் நாட்டிலும் வாழ்கின்றன. ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்னரே, இடம்விட்டு இடம் தாவும் பரம்பரைத் துண்டொன்று அவற்றின் மூதாதையின் ஓ.ஏ.எஸ்.1இல் வந்து செருகி, வாலுக்குரிய பகுதியை இல்லாதாக்கிற்று. காவலற்ற வீட்டில் அவ்வைரசுக்கள் குடியிருந்து பழகின போலும்!

மனிதரிலும் இத்தகைய இழப்பு நேர்ந்தது. ஓரெழுத்து மாறியமையால் வாலில்லா வடிவம் தோன்றிப் பரவிற்று. ஆபிரிக்காவில் பழைய வடிவம் நிலைத்திருக்க, அங்கிருந்து புறப்பட்ட நம் முன்னோர் அதனைப் பெரும்பாலும் இழந்தனர். இழந்ததை மீட்டளித்தவர் வேறு மனித இனத்தாரான நியண்டதால் மாந்தர். ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த கலப்பினால் அது நம்மவரிடம் திரும்பி வந்தது. சுவாந்தே பேபோவும் ஹியூகோ செபர்க்கும் 2021இல் எழுதியபடி, அவ்வழி வந்த பகுதியைப் பெற்றவர்க்குக் கொரோனா நோய் கடுமையாகும் வாய்ப்பு ஏறத்தாழ 22 சதவீதம் குறைவு.

அதே நியண்டதால் மாந்தர் 3ஆம் நிறமூர்த்தத்தில் வேறொன்றையும் விட்டுச் சென்றனர். அது நோயைக் கடுமையாக்குவது. ஐரோப்பியரில் 16 சதவீதத்தினரும் தென்னாசியரில் ஏறக்குறைய அரைப்பங்கினரும் அதனை உடையர் என 2020இல் அவ்விருவரும் அறிவித்தனர். அவ்வாண்டுகளில் பிரித்தானியாவில் நம்மவர் வீடுகள் பலவற்றில் இழவு விழுந்தது. மேற்படி செய்தி பரவியதும், தென்னாசியரின் இரத்தமே பலவீனமானது என்று பேசுவாரும் உளராயினர். இதனை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். வைத்தியசாலையிலும் பேருந்திலும் கடையிலும் வேலைக்குச் சென்றே தீரவேண்டியிருந்தமை, மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தமை, நீரிழிவு ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு நிறமூர்த்தத்தின்மேற் பழி சுமத்துதல் எவ்வாறு பொருந்தும்? தென்னாசிய மக்கட் கூட்டங்களை ஒப்பிட்ட இந்திய ஆய்வாளர், இப்பகுதியின் பரம்பலுக்கும் கொரோனா மரணங்களுக்கும் தொடர்பு காணவில்லை என 2021இல் எழுதினர்.

இன்னொன்றும் உண்டு. அப்பொல்லாத பகுதியை உடையவர்க்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 27 சதவீதம் குறைவு என 2022இல் செபர்க் காட்டினார். எச்.ஐ.வி. மனிதரிடையே பரவத் தொடங்கிச் சற்றேறக்குறைய நூறாண்டுகளே ஆகின்றன. ஆதலின், இப்பகுதி தென்னாசியாவில் இவ்வளவு பெருகியதற்கு அதுவே காரணமாக முடியாது. முன்னொரு காலத்து வேறொரு கொள்ளைநோயிலிருந்து அது நம் முன்னோரைக் காத்திருத்தல் கூடும். அம்மாள் வருத்தம் கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகிய நாட்களுக்கும் நெடுங்காலம் முந்திய கதை அது.

நூற்றிருவரின் இரத்தத்திலிருந்து வளர்த்தெடுத்த கலங்கள் அமெரிக்காவின் நியூ சேர்சி மாநிலத்துக் கொரியல் நிறுவனத்தில் உறைநிலையில் வைக்கப்பட்டுள்ளன. வேண்டும் ஆய்வாளர்க்கு அவை அங்கிருந்து அனுப்பப்படுகின்றன.