நோயின் பெயரும் இயலாமையின் அளவும்

நலன்புரி அரசும் நோயாளரும் – பகுதி 6

பொதுசன உதவிப்பணம் மாகாண சபைகளின் பொறுப்பாக மாறிய விதம் சென்ற பகுதியில் விளக்கப்பட்டது. நீண்டகால நோயோடு வாழும் ஒருவர் இயலாமைக்கான கொடுப்பனவை நாடும்போது எந்த அளவுகோலால் அளக்கப்படுகிறார் என்பதை, கொட்டியாரக் குடாவின் கரையில், மூதூர் பிரதேச செயலகப் பிரிவுக்குள் அமைந்த சம்பூரை முன்வைத்து இப்பகுதி ஆராய்கிறது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்காக இலங்கையில் இயற்றப்பட்ட 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடல் அல்லது உள ஆற்றலில் ஏற்பட்ட குறைவினால், அது பிறவியிலேயே வந்ததாயினும் பின்னர் வந்ததாயினும், வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தாமே நிறைவேற்றிக்கொள்ள முடியாதவரையே மாற்றுத்திறனாளி என்று வரையறுக்கிறது. குறைவை உண்டாக்கிய நோய் எது என்று இவ்வரையறை கேட்பதில்லை. அதன் விளைவையே கேட்கிறது. இலங்கை 2007இல் கையொப்பமிட்டு 2016 பெப்ரவரியில் ஏற்புறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயமும், நீண்டகாலக் குறைபாடு சூழலிலுள்ள தடைகளோடு சேர்ந்து ஒருவரின் சமூகப் பங்கேற்பைத் தடுப்பதையே இயலாமையின் சாரமாகக் கொள்கிறது. ஆகவே, கைமூட்டுகள் வீங்கி விறைக்கும் முடக்குவாத நோயாளியும், பத்தடி நடந்தால் மூச்சுத் திணறும் இதய நோயாளியும் சட்டத்தின் பார்வையில் இவ்வரையறைக்குள் வரக்கூடியவர்களே.

கொடுப்பனவின் நடைமுறையோ வேறு வழியில் வளர்ந்தது. 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும திட்டம், குடும்பங்களுக்கான உதவிக்குப் புறம்பாக, மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர், முதியோர் ஆகிய மூன்று தரப்பினருக்குத் தனிக் கொடுப்பனவு வழங்குகிறது. முதலிரு தரப்பினருக்கும் மாதம் 5,000 ரூபாவாக இருந்த தொகை 2024இல் 7,500 ஆகவும், 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. எத்தனையோ நாட்பட்ட நோய்களுள் சிறுநீரக நோய் மட்டும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. 1990களில் வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே கண்டறியப்பட்ட, காரணம் முடிவாக நிறுவப்படாத சிறுநீரக நோய், திருகோணமலை மாவட்டத்தின் பதவி சிறிபுர போன்ற எல்லைப் பிரிவுகளையும் தொட்டு, தேசியப் பிரச்சினையாகவே உருவெடுத்தது.

அவ்வாறு பெயர் பெறாத நோய்களுக்கு இரண்டு வழிகளே எஞ்சுகின்றன. ஒன்று, மாற்றுத்திறனாளி என்ற வகைக்குள் நுழைவது; மற்றது, குடும்பத்தின் வறுமையை அளக்கும் புள்ளியிடலில் ஒரு கூறாக அமைவது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு தலைப்புகளின் கீழ் 22 குறிகாட்டிகளைக் கொண்ட இப்புள்ளியிடலில், குறிகாட்டி என்பது வருமானத்தை நேரே அளக்க முடியாத இடத்தில் வறுமையை ஊகித்தறிய உதவும் அடையாளமாகும். இங்கே நோய் குடும்பத்தின் மொத்தக் கணக்கில் கரைந்துவிடுகிறது. மீள்குடியேற்ற உதவியில் கட்டிய கல்வீடொன்று, உழைப்பாளி படுத்த படுக்கையாகிவிட்ட குடும்பத்தைக்கூட வசதி உள்ளதாகக் காட்டிவிடக்கூடும்.

சம்பூர் மக்களுக்கு இதற்கு முன்பாகவே இன்னொரு தடையும் காத்திருந்தது. 2006 ஏப்ரல் இறுதியில் தொடங்கிய தாக்குதல்களால் ஊரை விட்டு ஓடியவர்கள், வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். நிலமோ முதலில் உயர் பாதுகாப்பு வலயமாகவும், பிறகு முதலீட்டு வலயமாகவும் அறிவிக்கப்பட்டிருந்து, 2015இல் 818 ஏக்கரும், 2016இல் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் விடுவிக்கப்பட்டன. இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் நாட்பட்ட நோயாளரின் சிகிச்சைப் பதிவு பெரும்பாலும் நோயாளியின் கையிலுள்ள கிளினிக் கொப்பியிலேயே இருப்பதால், இடப்பெயர்வில் கொப்பி தொலைந்தால் நோயின் வரலாறும் அதனோடு தொலைகிறது. பல ஆண்டு நோய், புதிய கொப்பியின் முதல் திகதியில் தொடங்கியதுபோலத் தோற்றமளிக்கிறது.

கொப்பி பத்திரமாக இருந்தாலும் அது சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு. திகதி, இரத்த அழுத்தம், குருதிப் பரிசோதனை முடிவு, மாத்திரைகளின் பெயரும் அளவும், அடுத்த கிளினிக் நாள் ஆகியவை அதில் இருக்கும். அந்த நோயாளியால் கிணற்றில் நீர் இறைக்க முடிகிறதா, மண்வெட்டி பிடிக்க முடிகிறதா, மூதூருக்குப் போகும் பஸ்ஸில் துணையின்றி ஏற முடிகிறதா என்பவை இருக்காது. முடக்குவாதத்தின் விறைப்பு காலையில் மிகுந்து பொழுது ஏற ஏறத் தளர்வது அந்நோயின் இயல்பு என்பதால், பிற்பகலில் விபரம் எடுக்க வரும் உத்தியோகத்தர், படலையடியில் நிமிர்ந்து நிற்கும் ஒருவரைத்தான் காண்பார்.

இச்சிக்கலை வேறு நாடுகள் வெவ்வேறு விதமாக அணுகியுள்ளன. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் தலசீமியா, ஹீமோபீலியா, பார்க்கின்சன் உள்ளிட்ட 21 வகைகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, முக்கியச் சலுகைகளுக்கு 40 விழுக்காடு என்ற எல்லையை வகுத்தது. பட்டியல் நீண்டதேயன்றி, பெயரே வாயில் என்ற முறை மாறவில்லை. பிரித்தானியாவில் 2013இல் வந்த தனிநபர் சுயாதீனக் கொடுப்பனவோ, சமைத்தல், குளித்தல், நடத்தல் போன்ற செயல்களைப் பாதுகாப்பாகவும், திரும்பத் திரும்பவும், நியாயமான நேரத்துக்குள்ளும் செய்ய முடிகிறதா என்றும், அந்தச் சிரமம் பாதிக்கு மேற்பட்ட நாள்களில் இருக்கிறதா என்றும் கேட்கிறது. அதன் மதிப்பீடுகள் கடும் விமர்சனத்துக்கு உள்ளானபோதிலும், ஏறியிறங்கும் நோயை அளக்க அந்தக் கேள்விகள் பொருத்தமானவை.

இலங்கையில் சட்டம் மாறும்வரை விண்ணப்பதாரர் செய்யக்கூடியது, அதே கேள்விகளுக்கான விடையை மருத்துவச் சான்றிதழுக்குள் கொண்டுவருவதாகும். வைத்தியரிடம் “ஏலாது” என்று பொதுப்படச் சொல்வதைவிட, எந்த வேலை, எத்தனை நேரம், மாதத்தில் எத்தனை நாள் முடியாமற் போகிறது என்று சொல்லி, அதை நோயின் பெயருக்கு அடுத்த வரியில் எழுதித் தருமாறு கேட்பது பயன் தரும். தொலைந்த கொப்பிக்கு ஈடாக, வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது கிடைத்த அட்டைகள், பழைய மருந்துச் சீட்டுகள், இடப்பெயர்வைக் குறிப்பிடும் கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஆகியவற்றை இணைப்பதும் நல்லது.

ஆயினும் இது தனிமனிதரின் சாமர்த்தியத்தால் மட்டும் தீரும் விடயமன்று. சிறுநீரக நோயாளருக்குத் தனிக் கொடுப்பனவு வழங்கியதன் மூலம், அவயவம் இழக்காத ஒருவரும் நோயினால் உழைப்பை இழக்கலாம் என்பதை அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. ஒரு நோய்க்கு ஒப்புக்கொண்ட நியாயத்தை ஏனைய நோய்களுக்கு மறுப்பதற்கு 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையில் இடமில்லை.

அடுத்த பகுதி: நிராகரிப்பும் மேன்முறையீடும்