கடைத்தெரு முனையில் அரை மணி நேரம்



நமக்குத் தெரிந்த போராட்டம் ஒன்றே ஒன்றுதான்: கடையடைப்பு. ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். கடையைத் திறந்து வைத்துக்கொண்டே, தெருமுனையில் அமைதிக்காக அரை மணி நேரம் வாய் பேசாமல் நிற்பதும் ஓர் அறப்போராட்டம்தான் என்று யாராவது சொன்னால், "அது கட்சிக்காரர்கள் வேலை, நமக்கேன் வம்பு?" என்போம். 2022 அக்டோபர் 11 மாலையில் தமிழ்நாடெங்கும் சமூக நல்லிணக்க மனிதச் சங்கிலி நடந்தபோது, நானும் அப்படி நினைத்துக் கல்லாவை விட்டு எழாமல் இருந்தவன்தான். அன்று போயிருக்க வேண்டும் என்று இன்று படுகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

பற்று நோட்டைப் புரட்டுங்கள்

நம் பாபநாசத்தில் எந்த மளிகைக் கடையின் பற்று நோட்டையும் புரட்டிப் பாருங்கள். ராஜகிரி, பண்டாரவாடை முஸ்லிம் குடும்பங்கள், வயல் வேலைக்குப் போகும் தலித் குடும்பங்கள், கொடிக்கால்காரர்கள், கோயில் குருக்கள், கிறிஸ்தவ ஆசிரியர் என்று எல்லாப் பெயர்களும் ஒரே நோட்டில் அடுத்தடுத்து இருக்கும். தீபாவளிக்கு எண்ணெய், நோன்புக் கஞ்சிக்கு நொய், பொங்கலுக்கு வெல்லம் என்று அந்தந்தப் பண்டிகையே நமக்கு வியாபாரம். அறுவடை முடிந்து நெல் பணம் கைக்கு வந்ததும் பாக்கியைத் தீர்ப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் சரக்கைக் கொடுக்கிறோம்.

கலவரம் வந்தால் முதலில் அடிபடுவது கடைதான். கோவையில் 1997 நவம்பர் இறுதியில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மூண்ட கலவரத்தில் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். கடைகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. 1998 பிப்ரவரி 14இல் நடந்த தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் மாண்டனர். தீக்காப்பீடு எடுத்திருந்தால் கலவரத்தில் எரிந்த சரக்குக்கு இழப்பீடு கேட்கலாம். எரிந்துபோன பற்று நோட்டுக்கும், முறிந்துபோன வாடிக்கைக்கும் யார் இழப்பீடு தருவார்?

பேசாமல் நின்றவர்கள்

மதம் மட்டுமன்று, தண்ணீரும் கலவரத்துக்குக் காரணமாகியிருப்பதை டெல்டாக்காரர்களாகிய நாம் அறிவோம். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதும், பெங்களூரில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. 2016 செப்டம்பரிலும் அதே நகரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன.

அதே பெங்களூரில்தான், அயோத்தி நிகழ்ச்சிகளுக்குப் பின், 1993 முதல் சில பெண்கள் கறுப்பு உடை உடுத்தி, வியாழக்கிழமைகளில் தெருமுனையில் மௌனமாக நிற்கத் தொடங்கினார்கள். இந்த முறை 1988 ஜனவரியில் ஜெருசலேம் நகரில் பிறந்தது. அங்கே இஸ்ரேலியப் பெண்கள், பாலஸ்தீனப் பகுதிகளைத் தங்கள் நாடே ஆக்கிரமித்திருப்பதை எதிர்த்து, வெள்ளிக்கிழமைதோறும் பகல் 1 மணி முதல் 2 மணி வரை ஒரு நாற்சந்தியில் நின்றார்கள். வழியில் போனவர்கள் வசைமாரி பொழிந்தார்கள். பெண்கள் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்து நின்றார்கள். பிறகு பல நாடுகளுக்கும் இம்முறை பரவியது.

நின்றதால் போர் நின்றதா என்று கேட்கலாம். நிற்கவில்லை. ஆனால் வன்முறைக்கு ஊரே சம்மதம் என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி அவர்கள் செய்தார்கள். வதந்தி பரவும் நேரத்தில் இது சிறிய காரியமன்று. எல்லா மதத்துக் கடைக்காரர்களும் தோளோடு தோள் நிற்பதைக் கண்ணால் கண்டவன், "அவன் கடைக்குப் போகாதே" என்ற பேச்சை நம்பத் தயங்குவான்.

எப்படி நிற்பது?

நாளும் இடமும் குறித்துக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்து, அனுமதி பெற வேண்டும். கொடி, கோஷம், ஒலிபெருக்கி எதுவும் வேண்டாம். "நம் தெருவில் அமைதி நிலைக்கட்டும்" என்று ஓர் அட்டை போதும். போக்குவரத்துக்கும், வாங்க வருகிறவர்களுக்கும் இடைஞ்சல் இன்றி ஓரமாக நிற்க வேண்டும். யார் சீண்டினாலும் பதில் சொல்லக் கூடாது. கடையைப் பையன்கள் பார்த்துக்கொள்ளட்டும்; முதலாளிகளே வந்து நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏதாவது நடந்த பிறகு நிற்பதைவிட, நடக்கும் முன்பே நிற்பது நல்லது.

"வியாபாரி நடுநிலையாக இருக்க வேண்டும், நின்றால் ஒரு பக்கத்து வாடிக்கை போய்விடும்" என்ற அச்சம் எனக்கும் இருந்தது. வணிகருக்கு உரிய அறத்தை வள்ளுவர் 'நடுவு நிலைமை' அதிகாரத்தில் வைத்தார் என்பது உண்மையே. ஆனால் நடுநிலை என்பது ஒதுங்கி நிற்பதன்று. தராசின் முள் நடுவில் நிற்பது இரு தட்டையும் தாங்கிக்கொண்டுதான்.

ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினத்துக்குத் திரளும் நமக்கு, ஊர் அமைதிக்காக அரை மணி நேரம் ஒதுக்குவது பெரிதன்று. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதனை எடுத்துப் பேசுவோம். நிற்பது என்று முடிவானால், இம்முறை முதல் ஆளாக நான் கல்லாவை விட்டு எழுகிறேன்.