கடல் நடுவே ஒரு விடுதி

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடலுக்குள் நிற்கிறது ஹமன்ஹீல் கோட்டை. போர்த்துக்கேயர் பவளக் கற்களால் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்தவர்களைப் பணியவைத்தது பீரங்கியைவிடத் தண்ணீர்த் தட்டுப்பாடுதான். சுற்றிவரக் கடல், குடிதண்ணீரோ தீர்ந்துபோயிற்று. பின்னாளில் அது சிறையானது. 1971இல் அரசுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில் கைதான இளைஞர்களும் அங்கே அடைபட்டிருந்தார்கள்.

இன்று அதே மதில்களுக்குள் இலங்கைக் கடற்படை ஒரு விடுதி நடத்துகிறது. காரைநகர்க் கரையிலிருந்து படகில் போகவேண்டும். கைதிகள் வாடிய இடத்தில் உல்லாசமா என்று மனம் உறுத்தலாம். ஆனாலும், கவனிப்பாரின்றி இடிந்துபோவதைவிட இது எவ்வளவோ மேல். தங்கப் போகிறவர்கள் மதிலைச் சுற்றி நடந்து, பழைய சிறைக்கூடங்களையும் அவசியம் பார்த்துவிட்டு வாருங்கள்.