இறைச்சிக் கறிக்கு வீட்டுத்தோட்ட வாசனை இலைகள்

கமக்காரர் இறைச்சிக் கறிக்கு வேண்டிய வாசனை இலைகளைத் தம் வளவிலேயே பெறலாம். கிணற்றடி ஈரத்தில் இரம்பையும் புதினாவும் செழிக்கும். கறிவேப்பிலைக்கு நீர் தேங்காத, வெயில் படும் நிலம் ஏற்றது.

இலைகளின் மணம் அவற்றிலுள்ள ஆவியாகும் எண்ணெயினால் உண்டாவது. கறிவேப்பிலையையும் இரம்பையையும் வெங்காயத்துடன் எண்ணெயில் வதக்கிய பின்னரே இறைச்சியை இடுதல் வேண்டும். மல்லியிலை, புதினா என்பவற்றின் மணம் நெடுநேரக் கொதிப்பில் அகன்றுவிடும். ஆகையால் இவற்றைக் கறி இறக்கும் தறுவாயிற் சேர்த்தல் நன்று.

கத்தரி, மிளகாய்ப் பாத்திகளின் ஓரத்தில் வளரும் வாசனை இலைகளைப் பறித்தல் ஆகாது. அப்பயிர்களுக்குத் தெளிக்கும் பூச்சிநாசினி காற்றிற் பரவி இவற்றிலும் படியும். கழுவுவதால் மட்டும் முற்றாக நீங்காது. ஆதலின் மருந்து தெளிக்கும் இடத்துக்கு அப்பால், சமையலறைக்கு அருகே இவற்றுக்கெனத் தனிப்பாத்தி அமைத்தல் வேண்டும். பறித்த இலைகளை நன்னீரிற் கழுவிப் பயன்படுத்தல் வேண்டும்.

வாசனை இலைகள் பழுதடைந்த இறைச்சியின் நாற்றத்தை மறைக்குமேயன்றி அதனை உண்ணத் தகுந்ததாக்கமாட்டா. புதிய இறைச்சியையே கொள்ளல் வேண்டும். கோழியிறைச்சியாயின் அதன் நடுப்பாகம் 74 பாகை செல்சியஸ் வெப்பம் அடையும்வரை வேகவைத்தல் அவசியம். நல்ல இறைச்சிக்கு மணமூட்டுவதே இலைகளின் பணியாகும்.